நூறு மின்சாரப் பேருந்துகள் மதுரைக்கு வந்தால் டிப்போவில் என்ன மாறும்?

2025 மார்ச்சில் தாக்கலான தமிழக பட்ஜெட்டில் 1,125 மின்சாரப் பேருந்துகள் பற்றிய அறிவிப்பு வந்தது. சென்னைக்கு 950, மதுரைக்கு 100, கோவைக்கு 75. அதன் பிறகு இந்தப் பேச்சை யாரிடம் எடுத்தாலும் முதலில் வருகிற கேள்வி, "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்பதுதான். பேட்டரி ஸ்கூட்டர் கடையில் கேட்டுப் பழகியதை பஸ்ஸுக்கும் கேட்கிறோம். பதில் இருக்கிறது, கீழே சொல்கிறேன். ஆனால் டவுன் பஸ் விஷயத்தில் அதைவிடப் பெரிய கேள்விகள் உண்டு. ராத்திரி அந்த வண்டி எங்கே நிற்கும், அங்கே எவ்வளவு கரண்ட் கிடைக்கும், விடிகாலை நாலரை மணி நடைக்கு எத்தனை வண்டி தயாராக நிற்கும்? ஊருக்குள் மின்சார பஸ் ஒழுங்காக ஓடுமா, ஓடாதா என்பதை டிப்போதான் தீர்மானிக்கும்.

முதலில் வண்டியைப் பார்த்துவிடலாம். பழைய டவுன் பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சினை மூடிய ஒரு மேடு இருக்கும். பானட் என்போம். கூட்ட நேரத்தில் அதன்மேல் பள்ளிக்கூடப் பைகள், பூக்கூடை, சில சமயம் ஆளே உட்கார்ந்திருப்பார். சித்திரை வெயிலில் அந்த இடத்தில் நிற்பவருக்குத் தெரியும், டீசல் எரிந்து வருகிற சக்தியில் எவ்வளவு சூடாகவே வீணாகிறது என்று. மின்சார பஸ்ஸில் அந்த மேடு கிடையாது. கிளட்ச், கியர் கம்பி, சைலன்சர், டீசல் டேங்க் எதுவும் கிடையாது. பேட்டரிப் பெட்டிகள், சக்கரத்தைச் சுழற்றும் மோட்டார், பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகிற மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாட்டுக் கருவி: முக்கியமானவை இந்த மூன்றும்தான். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடம் விட வேண்டியதில்லை என்பதால் தளத்தைத் தாழ்வாக வைப்பது சுலபம். தாழ்தளப் பேருந்தின் தரை சாலையிலிருந்து ஏறக்குறைய 400 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். மூட்டுவலிக்காரர்கள் ஏறுகிறபோது கைப்பிடியைப் பிடித்துத் தொங்க வேண்டாம்.

டிரைவருக்கும் வேலை மாறுகிறது. சிம்மக்கல்லிலிருந்து கோரிப்பாளையம் போவதற்குள் இடது கால் எத்தனை முறை கிளட்சை மிதிக்கும் என்று எந்த டிரைவரிடம் கேட்டாலும் சிரிப்பார். மின்சார பஸ்ஸில் அந்தக் காலுக்கு ஓய்வு. ஆக்சிலேட்டரை விட்டாலோ பிரேக்கை லேசாக அழுத்தினாலோ இன்னொன்றும் நடக்கிறது. ஓடுகிற சக்கரம் மோட்டாரைச் சுழற்ற, மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வேகம் குறையக் குறைய மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகிறது. முழுவதும் திரும்பாது, ஒரு பங்கு திரும்பும். அடிக்கடி நின்று கிளம்புகிற டவுன் பஸ்ஸுக்கு இது நல்ல லாபம். நாற்கரச் சாலையில் ஒரே வேகத்தில் போகிற வெளியூர் பஸ்ஸுக்கு அவ்வளவு இல்லை. டீசல் வண்டி எந்த ரோட்டில் அதிகம் விரயமாகிறதோ, அந்த ரோட்டில்தான் மின்சார வண்டிக்கு அனுகூலம் அதிகம். ஊர் போக்குவரத்திலிருந்து இந்த மாற்றம் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

யூனிட் கணக்கு

கிலோவாட் மணி என்றெல்லாம் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஈபி பில்லில் வருகிற யூனிட்தான் பேட்டரிக்கும் அளவு. 12 மீட்டர் நீள பஸ் ஒன்றில் 200 முதல் 300 யூனிட் பிடிக்கிற பேட்டரி இருக்கும். ஏ.சி. இல்லாத டவுன் பஸ் கிலோமீட்டருக்கு ஒரு யூனிட்டோ அதற்குக் கொஞ்சம் மேலோ எடுக்கும். ஏ.சி. போட்டால் இன்னும் கூடும். பேட்டரியை அடிமட்டம் வரை காலி செய்வது அதன் ஆயுளுக்கு நல்லதல்ல, கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் டிப்போவுக்குத் திரும்ப வேண்டும். ஆக, முதலில் கேட்ட கேள்விக்குப் பதில்: ஒரு சார்ஜில் 180, 200 கி.மீ. என்று வைத்துக்கொள்வது யதார்த்தம். பெரிய பேட்டரி என்றால் அதற்கு மேல்.

இது போதுமா? ஊருக்குள் டவுன் பஸ்ஸின் வேகம் சராசரியாக மணிக்கு 15 கி.மீ. என்று வைத்தால், 14 மணி நேரம் சுற்றினாலும் 210 கி.மீ.தான். பெரியார் நிலையத்திலிருந்து திருப்பரங்குன்றம், மாட்டுத்தாவணி, அவனியாபுரம் என்று ஓடுகிற வண்டிக்கு ராத்திரி ஒரு சார்ஜும், மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் அரை மணி, முக்கால் மணி நேரக் கூடுதல் சார்ஜும் இருந்தால் நாள் ஓடிவிடும். மேலூர், திருமங்கலம், அழகர்கோவில் மாதிரி நீளமான தடங்களுக்கு ஷெட்யூலை யோசித்துப் போட வேண்டும். உசிலம்பட்டி தாண்டிப் போகிறதை முதல் நாளே மின்சாரத்துக்கு மாற்றச் சொல்ல மாட்டேன்.

இனி காசு. டவுன் பஸ் லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் கொடுக்கிறது, டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று கணக்குக்கு எடுத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல் டீசலுக்கே போகிறது. மின்சார பஸ்ஸுக்கு சார்ஜ் ஏற்றும்போது ஆகிற சேதாரத்தையும் சேர்த்து 1.2 யூனிட், யூனிட் 8 ரூபாய் என்று போட்டால் 10 ரூபாய்க்குள் முடிகிறது. எரிசக்திச் செலவு பாதி. எஞ்சின் ஆயில், கிளட்ச் பிளேட், பில்டர் செலவும் மிச்சம். பிரேக் லைனிங் தேய்வதும் குறையும். டயர் மட்டும் சீக்கிரம் தேயும், ஏனென்றால் பேட்டரியே ஒன்றரை, இரண்டு டன் எடை. மோட்டார் கிளம்புகிற வேகமும் அதிகம்.

பாதிச் செலவு என்றால் எல்லா பஸ்ஸையும் உடனே மாற்றிவிடலாமே என்று தோன்றும். வண்டியின் விலை தடுக்கிறது. மின்சார பஸ் டீசல் பஸ்ஸைவிட இரண்டு மூன்று மடங்கு விலை. கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் மிச்சம் என்பது பஸ் நிறைய கிலோமீட்டர் ஓடினால்தான் அந்த விலையை ஈடுகட்டும். பகலில் டிப்போவில் சும்மா நிற்கிற மின்சார பஸ் பெரிய நஷ்டம்.

இரவு பதினொன்றிலிருந்து நாலு வரை

டீசல் பஸ் டிப்போவுக்குள் வந்ததும் டீசல் பங்க்கில் நிற்கும், சில நிமிடங்களில் டேங்க் நிறையும், அடுத்த வண்டிக்கு வழி விடும். ஒன்றிரண்டு பங்க்குகளே டிப்போ முழுமைக்கும் போதும். மின்சார பஸ் அப்படியில்லை.

நூறு பஸ், தலைக்கு 200 கி.மீ., சேதாரத்தோடு 240 யூனிட் என்று வைத்தால் நாளுக்கு 24,000 யூனிட். கடைசி நடை முடிந்து வண்டிகள் வந்து சேரப் பதினொன்று ஆகும், முதல் நடை நாலரைக்குக் கிளம்பும். கழுவுவது, கூட்டுவது, சோதிப்பது போக சார்ஜுக்கு மிஞ்சுவது ஐந்து மணி நேரம். 24,000 யூனிட்டை ஐந்து மணி நேரத்தில் ஏற்ற ஏறக்குறைய 5 மெகாவாட் வேண்டும். ஐந்து கிலோவாட் இணைப்புள்ள ஆயிரம் வீடுகள் ஒரே நேரத்தில் முழு லோடு போட்டால் ஆகிற அளவு. தெருமுனை டிரான்ஸ்பார்மரிலிருந்து இதை இழுக்க முடியாது. 11 கே.வி. அல்லது 33 கே.வி. உயர் மின்னழுத்த லைன் தனியாக டிப்போவுக்கு வர வேண்டும், உள்ளே டிரான்ஸ்பார்மர்கள் வைக்க வேண்டும், தரையைத் தோண்டிக் கேபிள் பதிக்க வேண்டும். பஸ் வாங்க ஆர்டர் போடுவதற்கு முன்பே இந்த வேலை தொடங்கவில்லை என்றால், புது வண்டிகள் வந்து மூடிய கேட்டுக்குள் நிற்கும். நூறு வண்டியையும் ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு மூன்று டிப்போக்களுக்குப் பிரித்தால் லோடும் பிரியும், காலி ஓட்டமும் குறையும்.

சார்ஜருக்கு வருவோம். 240 கிலோவாட் சார்ஜர் ஒன்றில் இரண்டு கேபிள்கள் இருக்கும். நுனியில் பெரிய கைப்பிடியோடு இருப்பதை 'கன்' என்கிறார்கள். இரண்டு வண்டியில் மாட்டினால் ஆளுக்கு 120 கிலோவாட், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். கடைசி இருபது சதவீதம் மெதுவாகத்தான் ஏறும். காலி பஸ்ஸில் முதலில் ஏறுபவர்கள் டக்கென்று சீட் பிடித்துவிடுவார்கள், கடைசியில் வருபவர்தான் நெருக்கிக்கொண்டு இடம் தேட வேண்டும், பேட்டரிக்குள்ளும் அதே கதை. இப்படிப் பார்த்தால் நூறு பஸ்ஸுக்கு 25 சார்ஜர், 50 கன், இரண்டு சுற்று. ராத்திரி ஒன்றரை மணிக்கு முதல் ஐம்பது வண்டியைக் கழற்றி ஓரங்கட்டி, அடுத்த ஐம்பதைக் கொண்டுவந்து மாட்ட ஆள் வேண்டும், வண்டியைத் திருப்ப இடமும் வேண்டும். நெருக்கி நிறுத்திப் பழகிய பழைய டிப்போக்களில் இந்த இடம்தான் தகராறு. ஒரு கன் பழுதானால் காலையில் இரண்டு வண்டி கிளம்பாது.

சென்னையில் இந்த வேலை ஏற்கெனவே நடந்திருக்கிறது. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகளை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். அதற்காக டிப்போவில் சார்ஜர் வரிசையும் மின் இணைப்பும் முதலில் போடப்பட்டன. சீனாவின் ஷென்சென் நகரம் 2017 முடிவிலேயே தன் 16,000க்கும் மேற்பட்ட பேருந்துகளை முழுக்க மின்சாரத்துக்கு மாற்றிவிட்டது. ஆகவே இது சோதனைக்கூடச் சரக்கு இல்லை, ஓடித் தேறிய தொழில்நுட்பம்.

எரிபொருளை மாற்றிப் பார்ப்பது மதுரைக்கும் புதிதல்ல. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912ல் இங்கே பஸ் ஓட்டத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது, கரியை எரித்து வரும் வாயுவில் ஓடுகிற டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்டை வண்டிகளில் பொருத்தி ஓட்டினார்கள். 1972ல் அந்த பஸ்கள் அரசுடைமையாகி பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. அன்று வண்டியே தன் எரிவாயு ஆலையைச் சுமந்து போனது. இப்போது ஆலை டிப்போவிலும் மின்வாரியத்திலும் இருக்கிறது.

புகை எங்கே போகிறது?

இதில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். 'புகையே இல்லாத பேருந்து' என்று விளம்பரப் பலகையில் எழுதிவிடலாம். மாசி வீதியில் நடப்பவருக்கும் காளவாசல் சிக்னலில் பைக்கில் நிற்பவருக்கும் அது நிஜம்தான். நுண்துகளும் நைட்ரஜன் ஆக்சைடும் அவர் மூக்குக்கு நேராக வராது, சத்தமும் இல்லை. கடை வாசலில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு இதுவே பெரிய விஷயம்.

புவி வெப்பத்துக்குக் காரணமான கரியமில வாயு வேறு கணக்கு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ வெளியாகும். லிட்டருக்கு நாலரை கி.மீ. என்றால் கிலோமீட்டருக்கு 0.6 கிலோ. நிலக்கரி அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட் தயாரிக்க ஏறக்குறைய ஒரு கிலோ வெளியாகிறது. இந்தியாவின் எல்லா மின்சாரத்தையும் கலந்து சராசரி எடுத்தால் யூனிட்டுக்கு 0.7 கிலோ போல வரும். 1.2 யூனிட் எடுக்கிற பஸ்ஸுக்கு அது 0.8 கிலோவுக்கு மேல். முழுக்க நிலக்கரி மின்சாரம் என்றால் 1.2 கிலோ. அதாவது இந்தச் சராசரி மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றினாலே, கரியமில வாயுக் கணக்கில் மின்சார பஸ் நல்ல மைலேஜ் தருகிற டீசல் பஸ்ஸைவிட மோசம். டீசலைத் தோண்டி, சுத்திகரித்து, லாரியில் கொண்டுவருகிற செலவைச் சேர்த்தால் வித்தியாசம் குறையுமே தவிர, மறைந்துவிடாது.

இதைச் சொன்னால் 'அப்போ எதுக்குங்க இந்த வம்பு' என்பார்கள். டீசல் பஸ் அதன் ஆயுள் முழுக்க டீசல்தான் குடிக்கும். மின்சார பஸ் எந்த மின்சாரம் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், மின்சாரம் சுத்தமாக ஆக வண்டியும் சுத்தமாகும். நம்மைச் சுற்றி அதற்கு வழியும் இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016லிருந்து இருக்கிறது. ஆண்டிபட்டிப் பக்கம் போனால் காற்றாலைகள். ஆடிக் காற்றுக் காலத்தில் அவை ராத்திரியிலும் சுற்றும். சூரிய மின்சாரம் பொங்கி வழிவது நண்பகலில். பஸ்ஸுக்குக் கூட்டம் குறைவதும் பதினொன்றிலிருந்து மூன்று வரைதான். மாட்டுத்தாவணியிலோ பெரியாரிலோ சில சார்ஜர்களை வைத்து, சாப்பாட்டு நேரத்தில் முறை போட்டு ஏற்றினால் ராத்திரி லோடும் குறையும், கரியும் குறையும். ஷெட்யூல் போடுகிற மேஜையில் எடுக்கிற முடிவுதான் இது, எந்தப் புதிய கண்டுபிடிப்பும் தேவையில்லை. டிப்போ கூரையில் சோலார் பலகை போடுவது நல்லதுதான். ஆனால் 24,000 யூனிட்டில் அது ஒரு மூலைக்குத்தான் காணும்.

வெயிலும் மழையும் பற்றிச் சுருக்கமாக. மதுரை மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும். பேட்டரிக்குச் சூடு ஆகாது. அதனால் பெரிய பஸ்களில் திரவம் ஓடவிட்டுக் குளிரவைக்கிற ஏற்பாடு உண்டு, அதற்கும் கொஞ்சம் கரண்ட் செலவாகும். பஸ்களில் இன்று பரவலாக வருகிற லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை, மற்ற லித்தியம் வகைகளைவிடச் சூட்டைத் தாங்கும், சட்டென்று தீப்பிடிக்காது. மழையில் பேட்டரிக்குள் தண்ணீர் புகாதபடி அடைத்துத்தான் செய்கிறார்கள். ஆனாலும் ரயில்வே பாலங்களுக்கு அடியில் இடுப்பளவு தண்ணீர் நிற்கிற நாளில் தாழ்தள பஸ்ஸை உள்ளே விடுவது புத்திசாலித்தனம் இல்லை. டீசல் பஸ்ஸையும் விடக்கூடாதுதான், நம் ஊரில் விடுகிறோம்.

யாருடைய பஸ்?

சென்னையில் ஓடுகிற மின்சார பஸ்ஸை மாநகர் போக்குவரத்துக் கழகம் விலைக்கு வாங்கவில்லை. தனியார் நிறுவனம் பஸ்ஸையும் டிரைவரையும் தருகிறது, பராமரிக்கிறது. கழகம் கண்டக்டரைப் போட்டு, டிக்கெட் காசை வாங்கிக்கொண்டு, ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. 2023 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்த 10,000 பஸ் திட்டமும் இதே கிலோமீட்டர் ஒப்பந்த முறையில்தான். பஸ்ஸின் பெரிய விலையை ஒரேயடியாகக் கழகம் போட வேண்டியதில்லை, பேட்டரி சீக்கிரம் செத்தால் அது நிறுவனத்தின் தலைவலி என்பது இதன் வசதி. இது பின்வாசல் வழியாகத் தனியார்மயம் என்பது தொழிற்சங்கங்களின் கவலை. டீசல் எஞ்சினைப் பிரித்துச் சேர்த்தே கை காப்பு காய்த்துப்போன மெக்கானிக்குகளுக்கு மின்சார பஸ்ஸில் என்ன வேலை என்ற கேள்விக்கு நேரான பதில் யாரும் சொல்வதில்லை. அவர்களுக்கு உயர் மின்னழுத்தப் பயிற்சி கொடுத்து வைத்துக்கொள்வது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும் என்பது என் கட்சி.

எத்தனை பேர் ஏறினாலும், ஏறாவிட்டாலும் நிறுவனத்துக்குக் கிலோமீட்டர் காசு வந்துவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். எந்தத் தடத்தில், எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று முடிவு செய்கிற பொறுப்பு முழுக்கக் கழகத்தின் மேல் விழுகிறது. 2021 மே முதல் பெண்களுக்கு இலவசமாக இருப்பது சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில்தான். புது பஸ் எந்தக் கட்டண வகையில் ஓடும் என்பது அரசு எடுக்கிற முடிவு. பேட்டரிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கடைசியாக சித்திரைத் திருவிழா. அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவைக்கும் அவர் ஆற்றில் இறங்குகிற நாளுக்கும் ஊரே ராத்திரி முழுக்க விழித்திருக்கும். பஸ்களும் தூங்குவதில்லை. மேலே போட்ட ஐந்து மணி நேர சார்ஜ் கணக்கு அன்றைக்குச் செல்லாது. தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் பாதையை அடைத்துவிட்டால் வண்டி சுற்றிப் போக வேண்டும், நெரிசலில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். நிற்கும்போது மின்சார பஸ் அதிகம் செலவழிக்காது, ஏ.சி. ஓடாவிட்டால் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அது நல்லது. ஆனால் அவசரத்துக்குத் திண்டுக்கல்லிலிருந்தோ விருதுநகரிலிருந்தோ வண்டி வரவழைக்கிறபோது, டீசல் பஸ் எந்த பங்க்கிலும் போட்டுக்கொண்டு வந்துவிடும். சார்ஜர் இல்லாத ஊரிலிருந்து மின்சார பஸ் வராது. அதனால் நூறு மின்சார பஸ் வந்த பிறகும், விழா நாள் சிறப்புப் பேருந்துகளுக்கும் பிரேக்டவுனுக்கும் ஸ்பேராக டீசல் வண்டிகளைக் கழகம் சில வருஷங்களுக்கு விடாமல் வைத்திருக்க வேண்டியிருக்கும். அவற்றுக்குப் பங்க்கும் மெக்கானிக்கும் அதே டிப்போவில் இடம் கேட்பார்கள்.